சுருளுக்கு ஒட்டியாணம் போட்டவன்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நாலு, வளர்த்தது ஆறு. கூட வந்த இரண்டும் என் தங்கச்சி பிள்ளைகள். சுனாமி அவளைக் கொண்டுபோன பிறகு என் வீட்டில் வளர்ந்தார்கள். ஆறு பேரையும் கடலூர் துறைமுகத்தில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, சிதம்பரம் வரைக்கும் பஸ்ஸில் கொண்டுபோய் விற்றுத்தான் ஆளாக்கினேன். ஒருத்தர் வாசலிலும் போய் நின்றதில்லை. கையெழுத்துப் போடுவேன், பஸ் போர்டு படிப்பேன். அதற்கு மேல் எழுத்து எனக்கு வராது. நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள்.

ஒருத்தன் மேல் எனக்கு இருக்கிற கோபத்தை எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறேன். நான் போன பிறகு அது இல்லாமல் போய்விடக் கூடாது.

அவன் முதுநகர் ஐஸ் பேக்டரியில் பிட்டர். என்னைவிடப் பத்து வயது சின்னவன். வேதக்கார வீட்டுப் பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் வீட்டுக்குப் போகமாட்டான், வெள்ளைச் சட்டையோடு நேரே பேக்டரிக்கு வருவான். ஸ்க்ரூ டிரைவர் நுனியைச் சுருண்டு கிடக்கிற குழாய் மேல் வைத்து, பிடியைத் தாடையில் அழுத்திக்கொண்டு கண்ணை மூடுவான். டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்ப்பாரே, அதுபோல. "இன்னைக்கு மூணாவது சுத்து முனவுது அக்கா" என்பான். ஐஸுக்கு வரிசையில் நிற்கிற நாங்கள் சிரிப்போம். சாயங்காலம் பார்த்தால் மூணாவது சுற்றில்தான் கசிவு இருக்கும்.

கையில் அப்படி வித்தை இருந்த ஆளுக்கு வாயில் ஒரு வியாதி. கேட்டால் சொல்லிவிடுவான். யார் கேட்டாலும் எதைக் கேட்டாலும் சொல்லிவிடுவான். கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான் என்று ஒரு நிமிஷம் யோசிக்கமாட்டான். பொய் சொல்லத் தெரியாதவன் என்று சிலர் பெருமையாகச் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டாம் ஐயா, வாயை மூடிக்கொண்டு இருக்கலாமே. அதுகூட அவனுக்கு வராது.

அவன் பொண்டாட்டி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"பொண்ணு பார்க்க வந்த அன்னைக்கு எங்க அப்பா ஒரு பேச்சுக்கு, 'தம்பிக்குக் கெட்ட பழக்கம் ஒண்ணும் கெடையாதே?'ன்னாரு. இவரு வெரலை மடக்கி எண்ண ஆரம்பிச்சிட்டாரு அக்கா. பீடில ஆரம்பிச்சாரு. எங்க மாமியா சட்டையப் புடிச்சி இழுக்குறாங்க, நிறுத்தவே இல்ல."

"மொத்தம் எத்தினி வெரலுடி?"

"மூணு."

"மூணாவது என்னா?"

"அத்த நான் சொல்லமாட்டேன். அவரு வருவாரு, கேளு. சொல்லிடுவாரு."

அப்போது நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்த வியாதி என்னையும் வந்து கடிக்கும் என்று தெரியவில்லை.

சுனாமிக்கு மறு வருஷம் பேக்டரியைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டினார்கள். உப்புத்தண்ணி நின்ற இடம். ஐஸ் பேக்டரிக்குள்ளே அமோனியா கேஸ் ஓடுகிற இரும்புக் குழாய் இருக்கும், பாம்பு சுருண்ட மாதிரி. காயில் என்பார்கள். பக்கத்தில் கம்ப்ரசர் தடதடவென்று ஓடும்போது அந்த ஆட்டம் காயிலில் ஏறும். காயில் ஆட ஆடக் குழாய் கிளாம்பில் உரசி உரசித் தேயும். ஒரு நாள் காலையில் நாங்கள் கூடையோடு நிற்கும்போதே வெடித்தது. எல்லாரும் ஓடினார்கள். நானும் ஓடினேன். ஆனால் கூடையை விட்டுவிட்டேன் என்று திரும்பிப் போனேன். புதுக் கூடை.

வலது கண்ணில் நெருப்புக் கங்கை வைத்த மாதிரி இருந்தது. அவன்தான் முகத்தில் ஈரச்சாக்கைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய் வால்வை மூடினான். வெளியே வந்து என் தலையைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, இமையை விரலால் பிளந்து பிடித்துக்கொண்டே இருந்தான். நான் அவனைக் கடித்தேன், விடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் அந்தக் கண்ணில் வெளிச்சமாவது தெரிகிறது. ஆள் தெரியாது.

நான் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியதும் அவன் என் வீட்டுக்கு வந்தான். நின்றுகொண்டே பேசினான்.

"அக்கா, அந்த ஆட்டத்த நிறுத்தாம நான் வுடமாட்டேன்."

"ஆமா, நிறுத்தி என் கண்ணத் திருப்பிக் குடுக்கப் போற" என்றேன்.

ஆனால் விடவில்லை. கட்டையை வைத்துப் பார்த்தான், ரப்பர் வைத்துப் பார்த்தான். ரப்பர் பனியில் கல்லாகிவிட்டது. ஒரு நாள் என் பெரிய மகன் வலைக்கு ஈயக் குண்டு கோர்த்துக்கொண்டு இருந்ததைப் பார்த்தவன், ஒரு கை அள்ளிக்கொண்டு போனான். பழைய லாரி டியூபை நீளமாக அறுத்து, உள்ளே நைலான் கயிற்றில் ஈயக் குண்டுகளைக் கோர்த்து விட்டு, இரண்டு முனையும் தைத்து, காயிலின் சுற்றுக்குச் சுற்று வளைத்துக் கட்டினான். கோர்த்துக் கொடுத்தது நாங்கள், ஐஸ் வாங்குகிற பொம்பளைகள் நாலு பேர். முதலில் வலைக்குக் கோர்க்கிற மாதிரி ஒவ்வொரு குண்டுக்கும் இறுக்கி முடிச்சுப் போட்டோம். ஆட்டம் நிற்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரைத் தாடையில் வைத்துக் கேட்டுவிட்டு வந்தான்.

"தளர்த்தியா கோருங்க அக்கா. வலையில குண்டு நவரக் கூடாது, இங்க நவரணும். காயிலு ஆடும்போது இதுங்க ஒண்ணோட ஒண்ணு மோதிக்கணும். மோதி மோதி ஆட்டத்தத் தின்னுடும்."

"மாமியா மருமவ மாதிரியா?"

"அதேதான். ஒரே வூட்டுல அடைச்சி வெச்சி, கொஞ்சம் எடம் வுடணும்."

தளர்த்திக் கோர்த்தோம். கட்டினான். கம்ப்ரசர் ஓடும்போதே குழாய் மேல் டம்ளரில் தண்ணி வைத்தான். தண்ணி ஆடவில்லை. நாங்கள் நாலு பேரும் குனிந்து அந்த டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு அந்தப் பேக்டரியில் ஒரு குழாய் வெடித்ததில்லை. இடுப்பில் கட்டுவதால் நாங்கள் அதற்கு ஒட்டியாணம் என்று பேர் வைத்தோம்.

இதைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டாமா? கிள்ளையிலிருந்து வேறொரு பேக்டரி பிட்டர் வந்து, "எப்படிண்ணே?" என்றான். இவன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போய்த் தன் கையாலேயே கட்டிக் கொடுத்துவிட்டு வந்தான். முதலாளி காய்ச்சினார். "கேட்டான், சொன்னேன் மொதலாளி" என்றான். சென்னையில் ஒரு கம்பெனியிலிருந்து கேமராவோடு ஒரு ஆள் வந்தான். அளவு எடுத்தான். அளவு டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றது யார்? இவன்தான். வாசலில் நின்று பார்த்த நான் சத்தம் போட்டேன்.

"அறிவிருக்குதாடா? அவன் திருடன் மாதிரி முழிக்கிறான், நீ டேப்பப் புடிக்கிற!"

"டேப்பு தொங்குச்சி அக்கா. அளவு தப்பா வந்துடும்."

அளவு தப்பாக வந்துவிடுமாம்!

இப்போது என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். சுனாமியில் இடிந்த எங்கள் குப்பத்து அம்மன் கோயிலைத் திரும்பக் கட்டி, மூணாவது வருஷம் பங்குனியில் கும்பாபிஷேகம் செய்தோம். அப்போது ஒரு மலர் அச்சடித்தார்கள். எங்கள் ஊர் வழக்கம், ஊருக்கு ஒரு நல்லது செய்தவனுக்கு அதில் ஒரு பக்கம் உண்டு. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்த நாட்டார் கூட்டத்தில் நான் எழுந்து, பிட்டருக்கு ஒரு முழுப் பக்கம் வேண்டும் என்றேன்.

"வேதக்காரனுக்கு அம்மன் கோயில் மலர்லயா?" என்று ஒருத்தன் இழுத்தான்.

"உன் ஐஸு மட்டும் அம்மன் குடுத்ததா?" என்று கேட்டேன்.

பக்கம் கிடைத்தது. "என்னாப்பா போடலாம்?" என்று மலர் அச்சடிக்கிறவர் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டாரே! மற்றவன் என்றால் போட்டோவும் ஒரு கும்பிடும் போடுவான். இவன் படம் வரைந்து கொடுத்தான். டியூப் எத்தனை அகலம், குண்டு எத்தனை எடை, ஒரு சுற்றுக்கு எத்தனை, எவ்வளவு தளர்த்தி, முனையை எப்படித் தைப்பது, எல்லாம் எழுதினான். கீழே போட்டோ: நடுவில் ஒட்டியாணத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன், பக்கத்தில் கண்ணில் பஞ்சோடு நான். என் வாழ்க்கையில் என் படம் அச்சில் வந்தது அது ஒன்றுதான். ஆறு பிள்ளைகளையும் உட்காரவைத்துக் காட்டினேன்.

அடுத்த வருஷம் ஆடியில், அண்ணாமலை நகரில் வேலை பார்க்கிற வாத்தியார் ஒருத்தர் கிள்ளைப் பேக்டரியில் ஒட்டியாணத்தைப் பார்த்துவிட்டு ஸ்கூட்டரில் தேடிக்கொண்டு வந்தார். "இத உங்க பேர்ல காப்புரிமை வாங்கணும். இல்லன்னா வேற எவனாவது வாங்கிடுவான். அப்புறம் நீங்களே செய்யக்கூட அவன்கிட்ட அனுமதி கேக்கணும்" என்றார். அவரே உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதினார். சுருள் வடிவமான அமைப்புகளில் அதிர்வைத் தணிக்கும் சாதனம் என்று அதற்குப் பேர். ஒட்டியாணம் என்றால் கவர்மெண்டுக்குப் புரியாதாம்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். அந்தக் காகிதத்தில் அவன் பேர் ஏற வேண்டும். என் கண் போன இடத்திலிருந்து வந்த சாமான் அது. அதை எவனோ கேமராக்காரன் தன்னுடையது என்று சொல்லக் கூடாது.

மூன்று வருஷம் ஒன்றும் இல்லை. பிறகு காப்புரிமையைப் பரிசோதனை செய்கிற ஆபீசிலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஏழு ஆட்சேபணை. வெளிநாட்டில் ஒருத்தர் ஸ்பிரிங்குக்கு மணல் பை கட்டியிருக்கிறாராம், இன்னொருத்தர் குழாய்க்கு ரப்பர் வளையம் போட்டிருக்கிறாராம், உன்னுடையது அதிலிருந்து எப்படி வேறு என்று கேட்டிருந்தார்கள். வாத்தியார் படித்துச் சொல்ல, இவன் ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். மணல் பை பனியில் இறுகிவிடும், ரப்பர் கல்லாகிவிடும், மேலே டியூப் கல்லானாலும் உள்ளே தளர்த்தியாகக் கோர்த்த குண்டு எந்தப் பக்கம் ஆடினாலும் மோதும். அன்றைக்கு அவன் பேசியதைக் கேட்டு எனக்கு இந்த வாயா இது என்று இருந்தது.

தானே புயல் அடித்து நாலைந்து மாதம் கழித்து, நேரில் வரச் சொல்லிச் சென்னையிலிருந்து கூப்பிட்டார்கள். நானும் கிளம்பினேன். சாட்சிக்கு ஆள் வேண்டாமா? என் பையில் கும்பாபிஷேக மலரை வைத்துக்கொண்டேன். நாங்கள் இந்த ஆளை எந்த இடத்தில் வைத்திருக்கிறோம் என்று அந்த ஆபீசர் பார்க்கட்டும் என்று நினைத்தேன். பஸ் ஸ்டாண்டில் அவனுக்கு எடுத்துக் காட்டினேன். சிரித்தான்.

பஸ்ஸில் வாத்தியார் சொன்னார். "ஒண்ணு ஞாபகம் வெச்சிக்குங்க. விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி அச்சுல வந்துட்டா அது புதுசு இல்லன்னு தள்ளிடுவாங்க. அந்தக் கோயில் மலரப் பத்தி மூச்சு வுடக் கூடாது."

"கேட்டா சார்?" என்றான் இவன்.

"கேக்கமாட்டாங்க. கோயில் மலர யாரு தேடப் போறா?"

"கேட்டா?"

நான் பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன்.

ஆபீசர் ஒரு சின்னப் பெண். என் கடைசி மகள் வயது இருக்கும். எனக்கு நாற்காலி போடச் சொன்னது. தண்ணி கொடுத்தது. நல்ல பெண் என்று நினைத்தேன். அரை மணி நேரம் கேள்வி கேட்டது, இவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். சொல்லும்போதே மேஜை மேல் இருந்த பேனாக்களை அடுக்கி, கையால் ஆட்டிக் காட்டினான். அந்தப் பெண் சிரித்தது. ஒவ்வொரு ஆட்சேபணையாக அடித்துக்கொண்டே வந்தது. ஏழும் போய்விட்டது. வாத்தியார் முகத்தில் வெளிச்சம் வந்தது. பேனாவை மூடப் போன பெண், மூடாமல் கேட்டது.

"தளர்த்தியா கோக்குறதுதான் இதுல புதுசு, இல்லீங்களா? விண்ணப்பம் போடறதுக்கு முன்னாடி இத எங்கயாவது அச்சுல போட்டிருக்கீங்களா?"

வாத்தியார் மேஜைக்கு அடியில் அவன் காலை மிதித்தார். நான் பார்த்தேன். இவன் காலை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை.

"போட்டிருக்குதும்மா. எங்க கோயில் மலர்ல முழுசா போட்டிருக்குது."

எங்க கோயிலாம். அவன் அம்மன் கோயிலுக்குள் காலெடுத்து வைத்ததே கும்பாபிஷேகத்தன்று ஒரு நாள்தான்.

"அது இருக்குதுங்களா?"

என் பக்கம் திரும்பினான். "அக்கா, அந்த மலர எடுங்க."

நான் எடுக்கவில்லை. பையை இரண்டு கையாலும் இறுக்கிக்கொண்டேன். இருக்கிற ஒரு கண்ணால் அவனை எரித்துவிடுகிற மாதிரி பார்த்தேன். மறுபடியும் மெதுவாகச் சொன்னான்.

"குடுங்க அக்கா. கேக்குறாங்க இல்ல."

கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

அந்தப் பெண் முழுப் பக்கமும் படித்தது. படத்தில் விரலை வைத்து அளந்து பார்த்தது. பிறகு போட்டோவைப் பார்த்தது, என்னைப் பார்த்தது.

"இது நீங்களாம்மா?"

"நான்தான்" என்றேன். என் முகம் மலர்ந்திருக்க வேண்டும். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பு கூசுகிறது.

"இது எப்போ அச்சடிச்சது?"

"சுனாமிக்கு மூணாவது வருசம், பங்குனி. கும்பாபிஷேகத்துக்கு மொத நாளே ஊரு பூரா குடுத்துட்டோம். ஆயிரம் மலரு. பஸ் ஸ்டாண்டு கடையிலகூட வெச்சிருந்தாங்க" என்றேன்.

யாரும் என் காலை மிதிக்கவில்லை. வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். அந்தப் பெண் ரொம்ப நேரம் எழுதவில்லை. பிறகு எழுதியது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவன் எனக்கு ஜன்னல் சீட்டு கொடுத்தான். விழுப்புரம் வரைக்கும் அடக்கிக்கொண்டு வந்தேன். பிறகு என்னால் முடியவில்லை.

"ஒரே ஒரு வார்த்த. இல்லன்னு சொல்லியிருந்தா உன் வாயி வெந்துடுமாடா?"

"அந்தப் பொண்ணு நம்மள நம்பிக் கேட்டுச்சி அக்கா."

"நான் உன்ன நம்பலயா?"

அதற்குப் பதில் சொல்லவில்லை. கேட்டதற்கு அவன் பதில் சொல்லாதது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான்.

உத்தரவு வந்தது. வாத்தியார் தமிழில் சொன்னார். விண்ணப்பதாரர் தாமே கொடுத்த கோயில் மலரில் இந்தச் சாதனம் முன்பே முழுமையாக வெளியாகிவிட்டதால் காப்புரிமை மறுக்கப்படுகிறது. எங்கள் குப்பத்தின் பேர் அதில் இருந்தது. கவர்மெண்டுக் காகிதத்தில் எங்கள் ஊர் பேர் ஏறியது, எதற்கு? அவன் பேரைத் தள்ளுவதற்கு.

வாத்தியார் என்னைச் சமாதானம் செய்யப் பார்த்தார். அந்தக் கேமராக்காரன் கம்பெனியும் இவனுக்குப் பின்னால் இதற்கே விண்ணப்பம் போட்டிருந்ததாம். இந்த மலர் பதிவில் ஏறிவிட்டதால் இனிமேல் அவர்களுக்கும் கிடைக்காதாம். "யாரு வேணும்னாலும் செஞ்சிக்கலாம்மா. யாரும் தடுக்க முடியாது. ஒரு விதத்துல நல்லதுதான்" என்றார்.

"உங்களுக்கு நல்லது. கிள்ளைக்காரனுக்கு நல்லது. அவனுக்கு என்னா நல்லது? அதச் சொல்லுங்க" என்றேன். ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டு போய்விட்டார்.

இன்றைக்கு எந்த ஐஸ் பேக்டரிக்கு வேண்டுமானாலும் போய்ப் பாருங்கள். காயில் இடுப்பில் ஒட்டியாணம் இருக்கும். நீலத் துணியில் தைத்து, ஜிப் வைத்து, கம்பெனி முத்திரை குத்தி வருகிறது. யார் கண்டுபிடித்தது என்று கேட்டால் கம்பெனி என்பார்கள். அவனிடமே வந்து, "அண்ணே, இந்த புது மாடல எப்படிக் கட்டறது?" என்று கேட்டிருக்கிறான் ஒருத்தன். சொல்லிக் கொடுத்தானாம். தான் செய்தது என்று சொன்னீங்களா என்று அவன் பொண்டாட்டி கேட்டிருக்கிறாள். "அத்த அவன் கேக்கலியே" என்றானாம். பாவி.

அதற்குப் பிறகு நான் அவனோடு பேசவில்லை. ஐஸுக்கு வரிசையில் நிற்பேன், முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அவனும் ஸ்க்ரூ டிரைவரைத் தாடையில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வான். வயதானதும் திட்டக்குடியில் இருந்த மகள் வீட்டுக்குப் போனான். போவதற்கு முதல் நாள் சொல்லிக்கொள்ள வந்தான். நான் மாடியில் கருவாடு புரட்டிக்கொண்டு இருந்தேன். "அக்கா, போயிட்டு வரேன்" என்று கீழேயிருந்து சத்தம் கொடுத்தான். நான் இறங்கவில்லை. பிறகு செருப்புச் சத்தம் கேட்டது. அடுத்த வருஷம் அங்கேயே இறந்துபோனான் என்று சொன்னார்கள்.

நல்லவன் என்று எல்லாரும் சொன்னார்கள். நல்லவன்தான், யார் இல்லையென்றது? என் கோபம் நல்லவன் மேல்தான். கெட்டவன் மேல் கோபப்பட்டால் ஒரு நாளில் தீர்ந்துவிடும்.

போதும். அம்மாடி, முதலில் இருந்து படித்துக் காட்டு. நிறுத்தி நிறுத்திப் படி, எனக்குக் காதில் ஏறணும். அந்த ஆபீசர் பொண்ணு கேட்கிற இடம் வரும், நான் பையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பேன். அங்கே நிறுத்திக்கொள். அதற்கு மேல் படிக்காதே.